பழைய ஸ்கோப்பின் ஹைவோல்டேஜ்: டிவி பழகிய கை எங்கே தவறுகிறது

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் என் பட்டறைக்கு வரும் பழைய அனலாக் ஸ்கோப்புகள் (மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வந்து சேரும். "ண்ணே, ஹைவோல்டேஜ் போச்சு, ஃபிளைபேக் மாத்தணும்." ஃபிளைபேக் என்பது டிவியில் ஹைவோல்டேஜை உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர். கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும், படக்குழாய் டிவி காலத்தில் ஏதாவது ஒரு கடையில் கை பழகியவராக இருப்பார். நானும் அப்படித்தான், தோட்டத்து லயத்திலிருந்து சைக்கிளில் டவுனுக்கு வந்து ஒரு டிவி கடையில் வேலை கற்றவன். அங்கே கற்றது இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஸ்கோப்பின் ஹைவோல்டேஜ் பகுதியைத் திறக்கும்போது மட்டும் அதில் பாதியை ஓரமாக வைத்துவிட வேண்டும், ஏனென்றால் டிவியில் எது மேலே இருக்கிறதோ அது ஸ்கோப்பில் கீழே இருக்கிறது. இந்த ஒன்று மனதில் நன்றாகப் பதிந்துவிட்டால் மற்ற எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுற்றிலும் பால் மரமும் (ரப்பர்) செம்பனையுமாக இருக்கும் ஊரில் ஸ்கோப் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் வந்தது, ஹியூலெட் பேக்கர்ட் வந்தது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு தீவுக்குப் போய்வருவது இன்னும் சுலபமானது. 1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்காவே வந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலைகளின் சோதனை மேசைகளில் இருந்த அனலாக் ஸ்கோப்புகள் டிஜிட்டல் வந்ததும் வரிசையாக இறங்கின. பல நல்ல கருவிகள் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போயின, சில மட்டும் எங்களைப் போன்றவர்கள் கையில் தங்கின. நான் இங்கே சொல்லப்போகிற ஸ்கோப்பும் அப்படி 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியதுதான், 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல்.

அதன் நோய் இது. போட்டதும் கோடு அழகாக வரும். கருவியிலேயே இருக்கும் சோதனைச் சதுர அலையைக் கொடுத்தால் சரியாக 5 கட்டம் உயரம் நிற்கும். இருபது நிமிடம் போனால் அலை மெல்ல மெல்லப் பெருக்கும், உயரமும் அகலமும் சேர்ந்தே பெருக்கும், கூடவே மங்கும், ஃபோகஸ் கலையும். ஆறு கட்டத்தைத் தாண்டியதும் அநேகமாகப் பார்க்கவே முடியாது. அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் 5 கட்டம்.

இதைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்தவர் மீட்டரை எடுக்கத் தேவையே இல்லை. ஏன் என்று சொல்ல, முதலில் குழாய்க்குள் போக வேண்டும்.

டிவி குழாயில் கேத்தோடு, அதாவது எலெக்ட்ரான் கிளம்பும் முனை, தரைக்கு (பூஜ்ய வோல்ட்டுக்கு) பக்கத்தில்தான் இருக்கும், நூறு நூற்றைம்பது வோல்ட்டுக்குள். மறுமுனையில் கண்ணாடியின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி ஒட்டியிருக்கும், கலர் டிவியானால் அதில் 20,000 அல்லது 25,000 வோல்ட் பாசிட்டிவ். எலெக்ட்ரான் கதிரை வளைப்பது கழுத்தில் மாட்டிய செப்புச் சுருள். காந்தம் கண்ணாடிக்கு வெளியே இருந்துகொண்டே வேலையைச் செய்துவிடும், உள்ளே எத்தனை வோல்ட் என்பது அந்தச் சுருளின் சர்க்கிட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஸ்கோப்பில் சுருள் வைக்க முடியாது. டிவியின் கிடைமட்ட ஓட்டம் நொடிக்கு 15,625 தடவைதான், அது எப்போதும் மாறாத ஒரே வேகம். ஸ்கோப்பிலோ நிலையான டிசியும் வரும், 20 மெகாஹெர்ட்ஸும் வரும், நூறு மெகாஹெர்ட்ஸும் வரும். சுருளில் மின்னோட்டத்தை அந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்டுவது நடக்காத காரியம். அதனால் குழாய்க்குள்ளேயே இரண்டு ஜோடித் தகடுகள் வைத்து, வோல்டேஜால் இழுக்கிறார்கள். 1897இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயில் கதிரை வளைத்தது காந்தச் சுருள். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் கதிரை வளைக்கத் தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தார். டிவி பிரவுன் வழியில் போனது, ஸ்கோப் தாம்சன் வழியில் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

தகடு என்றதும் அடுத்த சிக்கல் வருகிறது. தகடுகள், சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கியின் கடைசி டிரான்சிஸ்டரோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும், நடுவில் கெப்பாசிட்டர் வைத்தால் டிசி போய்விடும். அந்த டிரான்சிஸ்டர் ஐம்பது, நூறு வோல்ட்டில் வேலை செய்கிற சாதாரணப் பொருள். கதிருக்கு 2000 வோல்ட் வேகம் வேண்டும், அதற்குத் தகடுகளையும் அவற்றோடு பெருக்கியையும் 2000 வோல்ட் உயரத்தில் தூக்கி வைத்தால் யாராலும் அந்தக் கருவியைப் பயன்படுத்த முடியாது. சரி, மேலே தூக்க முடியாவிட்டால் கீழே இழுத்துவிடலாம் என்று, தகடுகளைத் தரையளவில் விட்டுவிட்டு கேத்தோடை மைனஸ் 2000க்கு இழுத்தார்கள். எலெக்ட்ரானுக்குத் தெரிவது வித்தியாசம் மட்டும்தான், 2000 வோல்ட் என்றால் 2000 வோல்ட்.

இந்த ஒரு முடிவின் விளைவுகள் கருவி முழுக்கப் பரவியிருக்கின்றன. கேத்தோடு மைனஸ் 2000 என்றால் அதற்குப் பக்கத்தில் இருந்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கிரிட் அதைவிட இன்னும் ஐம்பது, நூறு வோல்ட் கீழே. ஃபோகஸ் முனையும் நெகடிவில். கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டர் கூட அங்கேதான், ஏனென்றால் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய பூச்சு 2000 வோல்ட்டைத் தாங்காது, இரண்டையும் ஒரே அளவில் கட்டி வைத்தாக வேண்டும். டிவியில் ஹீட்டர் கால்களில் மீட்டரை வைத்து 6.3 வோல்ட் வருகிறதா என்று பயமில்லாமல் பார்ப்போம். ஸ்கோப்பில் அதே 6.3 வோல்ட் இரண்டாயிரம் வோல்ட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. டிவி பழகிய கை தொப்பியைக் கண்டால் தானாக விலகும், சாக்கெட்டைக் கண்டால் தானாக நீளும். இங்கே அது தலைகீழ். சின்ன ஸ்கோப்புகளில் தொப்பியே இருக்காது, திரைப்பக்கம் தரையளவில்தான் இருக்கும், ஆபத்து முழுக்கப் பின்பக்கத்துச் சாக்கெட்டில். ஃபோகஸ் குமிழை முன்பக்கத்திலிருந்து நீளமான பிளாஸ்டிக் தண்டு வைத்து உள்ளே திருப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். இடமில்லாமல் அப்படிச் செய்யவில்லை, அந்தக் குமிழ் திருப்பும் மாறும் ரெசிஸ்டரின் உடம்பு முழுக்க ஹைவோல்டேஜ் இருப்பதால் செய்தது.

நூறு மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புகளில் தொப்பி உண்டு, அதில் 10,000 முதல் 15,000 வோல்ட் பாசிட்டிவ் வரும். வேகமாக ஓடும் கோடு திரையில் ஒரு புள்ளியில் தங்கும் நேரம் மிகக் குறைவு, ஒளி போதாது, அதனால் கதிருக்கு அதிக வேகம் வேண்டும். ஆனால் வேகம் கூடிய கதிரைத் தகடு வளைக்கத் திணறும். எனவே மெதுவாக இருக்கும்போதே வளைத்துவிட்டு, தகடுகளைத் தாண்டிய பிறகு மறுமுனையிலிருந்து இழுத்து வேகம் கொடுக்கிறார்கள். அந்தப் பாசிட்டிவ் வோல்டேஜ் டையோடும் கெப்பாசிட்டரும் மாறி மாறிக் கோத்த ஏணியிலிருந்து வருகிறது, 1932இல் காக்ராஃப்டும் வால்டனும் அணுவைப் பிளக்கக் கட்டிய ஏணியும் இதே வகைதான். ஸ்கோப்பில் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். போனால் இன்னொரு கருவியிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது உட்கார்ந்து கட்ட வேண்டும்.

இப்போது பெருக்கும் படத்துக்கு வரலாம். கதிர் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைவாக வளையும். சின்ன ஸ்கோப்பில் இது நேர்க் கணக்கு, கேத்தோடின் வோல்டேஜ் குறைந்த விகிதத்தில் படம் பெருக்கும். என் ஸ்கோப்பின் சர்க்கிட் படத்தில் மைனஸ் 1900 என்று போட்டிருந்தது. 5 கட்டம் இருந்த அலை 6.2 கட்டம் ஆனால், 1900ஐ 5ஆல் பெருக்கி 6.2ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1530 வருகிறது. திரையே மீட்டர். பெருத்துக்கொண்டே மங்குகிறது என்றால் ஹைவோல்டேஜ் இறங்குகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அளவு மாறாமல் மங்குகிறது என்றால் ஹைவோல்டேஜைத் தொடாதீர்கள், கிரிட் பக்கமோ, குழாயின் கேத்தோடு தேய்ந்ததோ காரணமாக இருக்கும். மேலும் கீழும் மட்டும் பெருத்தால் அது செங்குத்துப் பெருக்கியின் கோளாறு, குழாய்க்கு அதில் பங்கில்லை.

இதே காரணத்தால்தான் ஸ்கோப்பின் ஹைவோல்டேஜை அத்தனை கறாராகக் கட்டுப்படுத்துகிறார்கள். டிவியில் கொஞ்சம் ஏறி இறங்கினால் படம் சற்று மூச்சு விடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஸ்கோப் ஒரு அளவுகோல். நூற்றுக்கு 5 இறங்கினால் எல்லா அளவும் நூற்றுக்கு 5 பொய் சொல்லும். எனவே சுமார் 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒரு ஆஸிலேட்டர் (வேகமாக ஆடும் மின்னலையை உண்டாக்கும் சர்க்கிட்), அதன் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு, ஒன்றிரண்டு கெப்பாசிட்டர், இவற்றோடு பல மெகா ஓம் ரெசிஸ்டர் வரிசை ஒன்று வெளிவரும் வோல்டேஜைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துக் கட்டுப்பாட்டுச் சர்க்கிட்டுக்குத் திருப்பிக் காட்டும். குறைந்தால் ஆஸிலேட்டரைக் கூட்டும், கூடினால் குறைக்கும்.

அந்த ரெசிஸ்டர் வரிசைதான் பழைய கருவிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம். கரியில் செய்த பழைய ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பில் ஏறுவது வழக்கம். பால் நிறுக்கும் இடத்தில் தராசு குறைத்துக் காட்டினால் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) "இன்னும் ஊற்று" என்பார், வாளி நிறைந்து வழிந்தாலும் அவருக்குத் தெரிவது தராசின் முள் மட்டும்தான். அப்படித்தான் ரெசிஸ்டர் ஏறியதும் கட்டுப்பாட்டுச் சர்க்கிட் குறைவாகப் பார்க்கும், ஹைவோல்டேஜை மேலே தள்ளிக்கொண்டே போகும். படம் சிறுக்கும், கோடு கூர்மையாகும், ஒளி கூடும். பார்க்க நன்றாக இருப்பதுதான் இதில் கொடுமை, யாரும் பழுது என்றே நினைப்பதில்லை. அலை 5 கட்டத்துக்குப் பதில் நாலரை வருகிறதே என்று செங்குத்துப் பெருக்கியின் டிரிம்மரை (உள்ளே அளவைச் சரிசெய்யும் சிறு குமிழை) திருப்பி 5 ஆக்கிவிடுவார்கள். உள்ளே டையோடும் கெப்பாசிட்டரும் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டு ஒரு நாள் வெடிக்கும். ஹைவோல்டேஜை அளக்காமல் டிரிம்மரைத் தொடக் கூடாது என்று என்னிடம் பழக வரும் தம்பிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் 2000 வோல்ட் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதுதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹைவோல்டேஜ் கெப்பாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட்டில் அது பிடித்து வைத்திருப்பது 0.02 ஜூல். சுவரிலிருந்து வரும் 240 வோல்ட்டை நேரடியாக டிசியாக மாற்றி ஓடும் சுவிட்சிங் சப்ளை உள்ள ஸ்கோப்பில், முதல் கெப்பாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 340 வோல்ட்டில் அது வைத்திருப்பது 12 ஜூலுக்கு மேல். அறுநூறு மடங்கு. கொல்லக்கூடியது அந்தப் பக்கம். ஹைவோல்டேஜ் பக்கம் உதறித் தள்ளும், கை பின்னால் போய்க் கூரான தகரத்தில் கிழிபடும், குழாயின் கழுத்தில் இடித்து அதை உடைக்கும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டாலோ கெப்பாசிட்டரின் கணக்கு பொருந்தாது, ஆஸிலேட்டர் விடாமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பக்கத்துக் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தையும் ரெசிஸ்டர் வழியாக இறக்க வேண்டும். டிவி கடையில் ஸ்குரூடிரைவரை வைத்து 'டப்' என்று சுடுவோமே, அது இங்கே வேண்டாம், அந்த அதிர்ச்சி ஓட்டம் பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சாகடிக்கும். இறக்கிய பிறகும் ஒரு நிமிடம் கழித்து மறுபடி இறக்குங்கள், கெப்பாசிட்டரின் உள்ளே ஊறிய மின்னூட்டம் கொஞ்சம் திரும்பி வரும், தொப்பி உள்ள பெரிய குழாயின் கண்ணாடியும் அப்படித்தான்.

அளப்பதற்குச் சாதாரண மீட்டர் போதாது, அதன் எல்லை பெரும்பாலும் 1000 வோல்ட். ஹைவோல்டேஜ் பிரோப் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, பத்து 10 மெகா ஓம் ரெசிஸ்டரை வரிசையாகச் சாலிடர் வைத்து ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, முனையில் மீட்டரை மாட்டுவது. மீட்டரின் உள்ளேயும் 10 மெகா ஓம் இருப்பதால் மொத்தம் பதினொரு பங்கு, மீட்டர் காட்டுவதை 11ஆல் பெருக்க வேண்டும். 2000 வோல்ட்டுக்கு மீட்டரில் 182 வரும், ஒவ்வொரு ரெசிஸ்டர் மேலும் அதே 182தான் விழும், கால் வாட் ரெசிஸ்டரின் 250 வோல்ட் எல்லைக்குள் அடங்கிவிடும். அணைத்த நிலையில் மாட்டி, கையை எடுத்து, பிறகு போட்டுப் பார்த்து, அணைத்த பிறகே கழற்ற வேண்டும். இது கேத்தோடு வோல்டேஜுக்கு மட்டும், தொப்பியின் 15,000க்கு இதைக் கொண்டு போகவே கூடாது. ஃபோகஸ் முனையில் வைத்தாலும் சரியான கணக்கு வராது, அங்கே இருக்கும் ரெசிஸ்டர்கள் பெரியவை, நம் அளவுகோலே வோல்டேஜை இழுத்துவிடும்.

என் ஸ்கோப்பில் முதலில் ஹைவோல்டேஜைத் தொடவில்லை, தாழ்ந்த வோல்டேஜ்கள் எல்லாவற்றையும் அளந்தேன். இது என் வழக்கம், ஹைவோல்டேஜ் பழுது என்று வருகிற கருவிகளில் பல, 12 வோல்ட் பக்கம் ஒரு டாண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனதாலோ எலெக்ட்ரோலிட்டிக் காய்ந்து போனதாலோ ஆஸிலேட்டருக்குச் சாப்பாடு கிடைக்காமல் கிடப்பவைதான். இதில் அப்படி இல்லை, சூடாவதற்கு முன்னும் பின்னும் எல்லாம் சரியாக நின்றது. சரி என்று ஹைவோல்டேஜை அளந்தால், போட்டதும் மைனஸ் 1900, இருபத்தைந்து நிமிடத்தில் 1540. திரை சொன்னது அநேகமாகச் சரிதான்.

கட்டுப்பாட்டுச் சர்க்கிட்டின் வெளியீட்டைப் பார்த்தேன். அது தன் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது வோல்டேஜ் குறைந்திருப்பது அதற்குத் தெரியும், இன்னும் கொடு என்று கத்திக்கொண்டிருக்கிறது, கிடைக்கவில்லை. எனவே தராசு சரி. ஒன்று ஆஸிலேட்டர் பலவீனம், அல்லது எங்கோ யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸிலேட்டருக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் அம்மீட்டரை வைத்தேன். ஆரம்பத்தில் 180 மில்லியாம்பியர், சூடானதும் 420. டிரான்சிஸ்டரின் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத சூடு. பலவீனமானவன் இவ்வளவு சாப்பிட மாட்டான், சுமை கூடியிருக்கிறது.

குழாயின் சாக்கெட்டைக் கழற்றி ஓட்டினேன், அதே 420. குழாய் நிரபராதி என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி, ஏனென்றால் குழாய்தான் கிடைக்காத பொருள்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு, டையோடின் ஒரு காலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. அதைச் செய்தால் திரும்பி வரும் தகவலும் அறுந்துபோகும், கட்டுப்பாட்டுச் சர்க்கிட் ஒன்றுமே வரவில்லை என்று நினைத்து ஆஸிலேட்டரை முழு வேகத்தில் விரட்டும், டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே பொறி பறக்கும். பழைய கருவியின் டிரான்ஸ்ஃபார்மர் போனால் திருப்பிச் சுற்றித்தான் ஆக வேண்டும், அது வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை.

அதனால் சூட்டையே ஆயுதமாக எடுத்தேன். வீட்டிலிருந்து ஹேர் டிரையர், அதன் வாயில் கெட்டியான காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிக் காற்றை ஒரே இடத்தில் விழ வைத்து, தள்ளி நின்று, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பொருளாகச் சூடேற்றினேன். முதலில் டிரான்ஸ்ஃபார்மர், ஏனென்றால் என் பயம் முழுக்க அதில்தான் இருந்தது. 1960களில் வந்த சில குழாய்க்கால ஸ்கோப்புகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஊற்றிய பிசின் வயதாகி, சூடானால் இழப்பு கூடி, இதே மாதிரி அரை மணியில் படம் ஊதி மறையும். இரண்டு நிமிடம் சூடேற்றியும் 180 அசையவில்லை. டையோடு, அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த வட்டமான பழுப்புக் கெப்பாசிட்டர் மேல் காற்று பட்டு முப்பது நொடி ஆகவில்லை, 200, 250, 300 என்று ஏறியது.

அதைக் கழற்றி மீட்டரில் பார்த்தால் குறையே தெரியவில்லை, மதிப்பு சரி, கசிவு இல்லை. மீட்டர் கொடுப்பது சில வோல்ட், கெப்பாசிட்டர் கசிவது ஆயிரத்துக்கு மேல். இந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் நல்லது என்று முடிவு செய்து திருப்பி மாட்டியிருப்பார்கள். பக்கத்துச் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருக்கும் மாமாவிடம் மெக்கர் இருக்கிறது, மோட்டார்களின் இன்சுலேஷன் பார்க்கும் அதே பெட்டி. அவர் வேலை முடிந்து வரும் வழியில் கொண்டு வந்தார். "மோட்டார் பார்க்கிற சாமான்ல இந்தக் குண்டூசியப் பார்க்கிறியா" என்று கேட்டுவிட்டு அவரே மாட்டினார். 1000 வோல்ட்டில் குளிர்ந்திருக்கும்போது பல நூறு மெகா ஓம். டிரையரை வைத்ததும் இறங்கி இறங்கி 2 மெகா ஓமுக்குக் கீழே வந்தது. கதிர் எடுக்கும் ஓட்டம் பத்து இருபது மைக்ரோஆம்பியர் அளவுதான், இந்த ஒரு கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட ஒரு மில்லியாம்பியர் குடித்துக்கொண்டிருந்தது, குடித்த சூட்டில் இன்னும் கசிந்து இன்னும் குடித்தது.

புதிதாக 0.01 மைக்ரோஃபாரட், 3000 வோல்ட் வட்டக் கெப்பாசிட்டர் போட்டேன். இந்த மாதிரி வேலையில் சாலிடர் வைப்பதும் வேறு மாதிரி. கம்பி முனை கூராக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கூர்முனையில் காற்று அயனியாகி ஊதா ஒளியும் ஓசோன் வாடையும் வரும், நாளடைவில் போர்டு கருகும். சாலிடரை உருண்டையாக, வழவழப்பாக விட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இது இரண்டு மடங்கு முக்கியம். ஹைவோல்டேஜ் தூசியை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் அந்தத் தூசி நனைந்து மின்சாரத்துக்கு வழியாகிவிடும். ஒரு கருவியில் பல்லி முட்டை கூட எடுத்திருக்கிறேன். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் தூரிகையால் கழுவி, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகே போட வேண்டும்.

டையோடு மாற்ற நேர்ந்தால் இரண்டு விஷயம். ஹைவோல்டேஜ் டையோடு என்பது உள்ளே பல சில்லுகளை அடுக்கியது, அது திறக்கவே பல வோல்ட் வேண்டும், எனவே மீட்டரின் டையோடு சோதனையில் நல்லதும் இரண்டு பக்கமும் திறந்தது போலக் காட்டும். 30 வோல்ட் சப்ளையும் ஒரு ரெசிஸ்டரும் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். இன்னொன்று, எலெக்ட்ரிக் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று மைக்ரோவேவ் அடுப்பின் டையோடைப் போடாதீர்கள். வோல்டேஜ் தாங்கும், ஆனால் அது 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, 30 கிலோஹெர்ட்ஸில் மூடுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும், சூடேறிச் சாகும்.

கெப்பாசிட்டர் மாற்றியதும் ஓட்டம் 180இல் நின்றது, இரண்டு மணி நேரம் ஓட்டியும் அசையவில்லை. ஆனால் ஃபோகஸ் குமிழைக் கடைசிவரை திருப்பினால்தான் கோடு கூர்மையானது. இது தனிப் பழுது. ஃபோகஸ் வரிசையில் 3.3 மெகா ஓம் என்று நிறம் போட்ட ரெசிஸ்டர் 4.5க்குப் போயிருந்தது. அந்த இடத்திலும் ஒரே ரெசிஸ்டரைப் போடாமல், வோல்டேஜ் தாங்குவதற்காக நான்கு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்தேன். குமிழ் நடுவுக்கு வந்தது.

கடைசியாக ஹைவோல்டேஜ் டிரிம்மரை மைனஸ் 1900க்குத் திருப்பி வைத்து, ஒளிக் குமிழைக் குறைவில் வைத்துக்கொண்டு, அரை மணி சூடாக விட்டு, அதற்குப் பிறகுதான் செங்குத்துப் பெருக்கியைப் பார்த்தேன். அலை சரியாக 5 கட்டம் காட்டியது, அதன் டிரிம்மரைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. மாலையில் மாமா மெக்கரை எடுக்க வந்தபோதும் 5 கட்டம்தான்.